ஏலக்காய் இல்லாத பன்

கல்லாகிப்போன மைசூர்பாகை உரலில் இடித்து வழித்ததும், சவுரியம்மாள் ஈரத்துணியால் உரலைத் துடைப்பார். உலக்கை நுனியையும் துடைப்பார். அதன் பிறகே அடுத்த வீட்டு ஜாங்கிரி உரலுக்குள் இறங்கும். அப்போதெல்லாம் தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு முழுக்க அவருக்கு இதுதான் வேலை.

எங்கள் பனியன் கம்பெனியில் மடித்து அடுக்கும் பெண்கள் பத்துப் பேர். சவுரியம்மாள் ஒருவர்தான் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் வீட்டில் தீபாவளி இல்லை. ஒன்பது வீட்டுப் பலகாரமும் ஒன்பது டப்பாவில் அவரிடம் வந்து சேரும். புருஷனும் அவருமாகத் தின்று தீராது. "வெறும் டப்பாவத் திருப்பிக் குடுத்தா நல்லாவாங்க இருக்கும்?" என்பார். ஆனால் அவர் வீட்டுப் பண்டத்தைத் தொடத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்த ஒன்பது பேருக்குள்ளேயே யார் வீட்டுச் சமையலை யார் தொடுவதில்லை என்பதும் அவருக்கு மனப்பாடம். ஆகவே அவரவர் பலகாரத் தூளில் மைதா சேர்த்துப் பால் விட்டுப் பிசைந்து, அவரவருக்கே பன்னாக்கித் திருப்பித் தருவார். முட்டை கிடையாது. மணல் பரப்பிய அண்டாவுக்குள் சின்னத் தகரக் குவளைகள், மூடிமேல் கங்கு. குவளையில் சுண்ணாம்புப் புள்ளி. ஒரு புள்ளி மருதம்மாள், இரண்டு புள்ளி பழனாத்தாள்.

ஒன்பது புள்ளி நஞ்சம்மாள். வயதில் மூத்தவர், பேச்சில் காரம். பன்னை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். அது அவர் வீட்டு எருமைக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சவுரியம்மாளுக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம், சுண்ணாம்பு உதிர்கிறதென்று, லேபிள் தைக்கும் கலர் நூலைக் குவளைக்கு ஒரு நிறமாகக் கட்டிவிட்டார். பகலெல்லாம் நூலோடு கிடப்பவருக்கு அது எரியும் என்று தோன்றவில்லை. அண்டாவைத் திறந்தால் நூலெல்லாம் கரி. பன்கள் ஒன்பதும் ஒரே பழுப்பு.

மறுநாள் சாப்பாட்டு நேரம். ஆள்வரவு குறிக்கும் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பன்னையோ எந்த டப்பாவிலோ போட்டுக் கொடுத்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திராது. அவர் ஒன்பதையும் ஒரே தட்டில் நடுவில் வைத்தார்.

"நூலு எரிஞ்சு போச்சுங்கக்கா. எது யாரு ஊட்டுதுன்னு எனக்கே தெரியலீங்க. வேண்டாம்னாச் சொல்லிப்போடுங்க, எடுத்துட்டுப் போயர்றேன்."

ஒரு கையும் நீளவில்லை. யாரோ சாப்பாட்டுத் தூக்குப்போசியை மூடும் சத்தம். சவுரியம்மாள் தட்டின் விளிம்பை விடவேயில்லை. நஞ்சம்மாள் ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், கடித்தார்.

"இது எங்கூட்டுது இல்ல" என்றார், வாயில் பன்னோடு. "எங்கூட்டுதுன்னா ஏலக்கா தூக்கலா இருக்கும்."

"எருமை சொல்லுச்சுங்களாக்கா?" என்றாள் பழனாத்தாள்.

நஞ்சம்மாள் அவளை முறைத்துக்கொண்டே மீதியையும் தின்றார். பிறகு கைகள் நீண்டன. இரண்டு பேர் மட்டும் எடுக்கவில்லை. அந்த இரண்டையும் சவுரியம்மாள் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு ஆறு வருஷமாகிறது. எங்காவது ஏலக்காயும் கரிப்புகையும் சேர்ந்து மணத்தால், கம்பெனியின் பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டுச் சங்கு காதுக்குள் ஊதுகிறது.

போன தீபாவளி கழிந்த ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "வா கண்ணு" என்றவர் உரலை விட்டு எழவில்லை. அன்று பன் எடுக்காத இருவரின் டப்பாக்கள் மட்டும் தனியே, சுவரோரம். மருதம்மாள் வீட்டு லட்டு உரலில் பாதி இடிபட்டுக் கிடந்தது. நஞ்சம்மாள் வீட்டு டப்பாவைச் சவுரியம்மாள் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே லட்டின்மேல் கவிழ்த்தார். ஈரத்துணியை எடுத்துத் தன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, உலக்கையைப் பிடித்தார்.