பாட்ரிக்குக்காக வாங்கிய மண்

நினியன் கவுர்லே இடிக்குப் பயப்படுவான், வாத்துக்குப் பயப்படுவான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெய்லி கின்னியருக்குப் பயப்படுவான். ஜமீனின் காரியஸ்தரான பெய்லி நினைத்தால் எந்த நெசவாளியின் தறியும் தெருவுக்கு வந்துவிடும்.

டான்சிக் துறைமுகத்துக்குக் கப்பலேறிய சித்தப்பா மகன் பாட்ரிக், தான் வாங்கிய வீட்டு நிலத்தைத் தன் சார்பில் ஏற்க இவனைத்தான் நியமித்திருந்தான். எழுத்தர்கள் அட்டர்னி என்பார்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் ஊர்களில் ‘செய்கிறவன்’ என்றால் போதும். பத்திரத்தோடு முடியாது. அந்த நிலத்திலேயே நின்று, அதன் மண்ணையும் கல்லையும் பெய்லி கையால் வாங்க வேண்டும். பிசகினால் பாட்ரிக்கின் அண்ணன் ராபர்ட் வழக்குப் போட்டு, தம்பி மனைவி எஃபியை வெளியேற்றிவிடுவான்.

அன்று முழங்கால் வரை பனி. எழுத்தர் இம்ரி மூக்கை உறிஞ்சியபடி பத்திரத்தை வாசித்தார். சாட்சிகள் இருவரும் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். நகர்ந்து நிற்கப் போன நினியனின் கால் எதிலோ இடித்தது. எல்லைக்கல். வீடு அதற்கு அந்தப் பக்கம். அவர்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம், தேவாலய நிலத்தில்.

சுவரில் சாய்ந்திருந்த ராபர்ட் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பெய்லி குனிந்து பனியை விலக்கி மண்ணைச் சுரண்டினார்.

“ஐயா... இது அந்த நிலம் இல்லீங்க.”

“என்னது?”

“கல்லு இங்க இருக்குங்க. நாம தள்ளி நிக்கிறோம்.”

“எனக்கே எல்லை காட்டுறியா? பெந்தகொஸ்தே பண்டிகையோட உன் வீட்டுக் குத்தகை முடியுதில்ல?”

“முடியுதுங்க.”

“அப்ப வாய மூடிக்கிட்டு வாங்கு.”

சன்னலில் எஃபியின் முகம் தெரிந்தது. நினியன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நெசவுக்காரன் நினியனா இருந்தா வாங்கிடுவேங்க. இன்னிக்கு நான் பாட்ரிக். அவன் இதை வாங்க மாட்டான்.”

இம்ரி மெதுவாகக் காலால் பனியை விலக்கிப் பார்த்தார். “கல்லுதாங்க, ஐயா.”

“ஏன்டா நினியா, பேசக்கூடத் தெரியுமா உனக்கு?” என்றான் ராபர்ட். அவன் சிரிப்பு போயிருந்தது.

பெய்லி கல்லைத் தாண்டிப் போனார். வீட்டு வாசலில் புதிதாக மண்ணும் ஒரு சிறு கல்லும் எடுத்து, நினியனின் உள்ளங்கையில் வைத்து, எலும்பு நோகும்படி அழுத்தினார்.

“பெந்தகொஸ்தேக்கு இன்னும் பத்து வாரம்” என்றார்.

எஃபி கஞ்சி குடிக்கக் கூப்பிட்டாள். நினியன் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தான். பிறகு, பத்து வாரத்துக்குள் நெய்து முடிக்கக்கூடிய நீளம் குறைந்த பாவு நூலாகப் பார்த்து எடுத்தான்.