வெடிப்பில் கிடந்த மடக்குக் கத்தி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோவில்பட்டியில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. கண்ணாடிக்கு அடியில் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. சத்தியமாக நடந்தது. என்ன நடந்தது என்று கேட்டால்தான் எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய மடக்குக் கத்தியை எங்கே கண்டாலும் விடமாட்டேன். பழைய இரும்புக் கடை, எட்டயபுரம் ஆட்டுச் சந்தை என்று தேடிப் போய் வாங்குவேன். துருவேறி இறுகிக் கிடப்பதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பிடி போயிருந்தால் பனைமரத்து வைரக்கட்டையில் புதுசு செதுக்கி மாட்டி, அது டக்கென்று திறக்கிற சத்தம் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டாம். "மத்த பொம்பளையெல்லாம் நகை சேக்குதாளுவ, இவ கத்தி சேக்குதா" என்று எங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் சித்திரையில், பசுவந்தனைப் பக்கம் எங்கள் புஞ்சையில் ஒரு கத்தி கிடைத்தது. கோடையில் கரிசல் மண் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், தெரியும்தானே. அப்படி ஒரு வெடிப்புக்குள் மடக்கினபடி கிடந்தது. கொம்புப் பிடி, செல்லரித்துக் கீறல் கீறலாக இருந்தது. அந்தப் பிடியைக் கழற்றி அடுப்பில் போட்டேன். அலகு மட்டும் அசையவே இல்லை. ஊறப்போட்டு, தட்டி, மறுபடி ஊறப்போட்டு, ஆவணி வந்துவிட்டது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சி வெயில். வாசலில் உட்கார்ந்து புதுப் பிடியைப் பொருத்தி இழுக்கிறேன், டக். அதே நேரம் கட்டிக்கிடந்த எங்கள் சினை ஆடு அலறியது பாருங்கள், கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்திருந்தோம், அதற்குள் வலி வந்துவிட்டது.

எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். அக்காவிடம் ஒரு கூட்டம் ஆடு உண்டு. அவள் புருஷன் மாடசாமி அண்ணன் எட்டு வருஷத்துக்கு முன்னால் மேய்க்கப் போனார். ஆடுகள் வீடு வந்தன, அவர் வரவில்லை. கேரளாவில் ஒருத்தியோடு இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். தினமும் பட்டியைத் திறக்கும்போது அவரை ஏச ஆரம்பித்தாள் என்றால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்.

அக்கா கைவிட்டுக் குட்டியை எடுத்தாள். கிடாக்குட்டி. துணியால் துடைத்துக்கொண்டே வந்தவள் தலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி செல்வி, இது யாரு வெட்டுனது?"

இடது காதில், நுனியில் ஒரு கவட்டை வெட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கீறு. எங்கள் பக்கம் ஆடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் காது வெட்டு உண்டு, கூட்டம் கலந்தால் பிரிக்க.

"யாருக்கா வெட்டுவா? இப்பத்தான பொறந்திருக்கு."

"எங்க வீட்டு வெட்டுலா இது. அவிய போனதுக்குப் பெறவு நான் சாயந்தான பூசுதேன். இத வெட்டுததுக்கு ஆளு ஏது?"

நான் காதை விரித்துப் பார்த்தேன். ரத்தம் இல்லை. ஓரமெல்லாம் தழும்பு கட்டி, மேலே முடிகூட முளைத்திருந்தது. பனிக்குடத்து ஈரம் காயாத குட்டிக்கு ஆறின புண்.

என்ன புத்தியோ, போய் அந்தக் கத்தியை எடுத்துவந்து நீட்டினேன். அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கைல தராத. கீழ வையி."

வைத்தேன். குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

"எங்கன கெடந்துச்சு?"

"எங்க புஞ்சையில, வெடிப்புக்குள்ள."

"அவியளுது கொம்புப் பிடிலா. பிடில மூணு கோடு போட்டிருப்பாவ."

அடுப்பில் போட்ட பிடியை நினைத்துப் பார்த்தேன். கோடு இருந்ததா? கீறல்கள் இருந்தன. மூன்றா, முப்பதா, யார் எண்ணினார்கள்? கத்தி அவருடையது என்றால் அவர் எங்கும் ஓடிப்போகவில்லை. இத்தனை வருஷமும் அக்கா ஏசினது எங்கள் புஞ்சைக்குள் கிடக்கிற மனிதரை. அதைச் சொல்ல வேண்டிய பிடி என் அடுப்பில் சாம்பலாகி, பாத்திரம் தேய்த்தும் தீர்ந்துவிட்டது.

"புதுசாக்கிட்டியே தாயி" என்றாள். குட்டியின் காதை மறுபடி துடைத்துவிட்டு, "இது அவிய கத்தி இல்ல. அவிய கேரளாவுலதான் இருக்காவ" என்றாள். அப்புறம், "இந்தக் குட்டிய எனக்குத் தாரியா?" என்று கேட்டாள். பால் மறந்ததும் கொடுத்துவிட்டேன்.

குட்டி பிறந்த மறுநாள் காலை பட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஏச்சு கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மாட்டு டாக்டர் பிறவிக் கோளாறு என்றார். சரி, இருக்கலாம். பிறவிக் கோளாறுக்கு ஏன் தழும்பு என்று கேட்டதற்கு, "உங்க லேப்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று கேலி பேசினார். நானும் என்னென்னவோ யோசித்துவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை.

ஐப்பசி மழையில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. கத்தி கிடந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் அறுவடை முடிந்து அக்கா எங்கள் புஞ்சையில் ஆடு விடுகிற நாளெல்லாம், உச்சி நேரம் ஆனால் மற்ற ஆடுகள் மர நிழலுக்குப் போகும். அந்தக் கிடா மட்டும் நடு வெயிலில், தினமும் ஒரே இடத்தில் போய்ப் படுக்கிறது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அந்த இடத்தத் தோண்டிப் பாப்பமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "ஆடு படுத்திருக்குல்லா, எழுப்பாத" என்றாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். அது தூங்கவில்லை. கண்ணைத் திறந்தபடி, வெட்டு விழுந்த அந்த இடது காதைத் தரையோடு சேர்த்து வைத்துக்கொண்டு படுத்திருந்தது.