ஒன்றுக்குக் கீழே நின்ற காதர்

கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை... மலைக்கோட்டைக்குக் கீழே, காதரின் அத்தா வைத்திருந்த ஜவுளிக்கடை மாடி. அறுபதுகளில் நானும் காதரும் பி.எஸ்சி. கணக்குக்குப் படித்தது அங்கேதான். துணி சுற்றிவரும் அட்டையில் தையல்காரர் நீலச் சாக்பீஸால் கணக்குப் போட்டு, அழித்து, மறுபடி போடுவோம். சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ் ஏறும்போது என் வேட்டியெல்லாம் நீலம்.

அத்தா ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார். "பாஸ் பண்ணினா மேல படி. இல்லேன்னா கடையில வந்து உட்காரு."

இவனோ முடிவில்லாத் தொடர் எது வந்தாலும் ரூட் டெஸ்ட்தான் போடுவான். வேறு எதையும் தொடமாட்டான். எத்தனையாவது உறுப்போ அத்தனையாவது ரூட் எடுக்க வேண்டும். போகப்போக அது ஒன்றைவிடச் சின்ன எண்ணை நெருங்கினால் கூட்டுத்தொகை ஓர் எண்ணுக்குள் அடங்கும், பெரிய எண்ணை நெருங்கினால் அடங்காது. ஒன்றையே நெருங்கினால் அந்த டெஸ்ட் வாயே திறக்காது. அங்கேதான் வந்தது வினை.

ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால்... இதை அடங்கும் என்றான்.

"ரெண்டாவதுலேர்ந்து ரூட் ஒவ்வொண்ணும் ஒண்ணுக்குக் கீழதானேடா இருக்கு?"

"கீழ இருந்தா போதாதுடா. போய்ச் சேர்ற இடம் ஒண்ணு. டெஸ்ட் செல்லாது."

கேட்கவில்லை. துணியை அளந்தே காட்டினேன். மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்தால் அரை கஜத்துக்கு மேல். அடுத்த நாலும் சேர்ந்தால் மறுபடி அரைக்கு மேல். அரை அரையாக வந்துகொண்டே இருந்தால் எங்கே அடங்கும்?

"நீ துணியக் காட்டுற. நான் ரூல் சொல்றேன்" என்றான். தலையில் அடித்துக்கொண்டேன்.

பரீட்சையில் அதே கணக்கு, கொஞ்சம் வேஷம் மாற்றி. இவன் "அடங்கும்" என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அந்தப் பேப்பரில்தான் பெயிலானான். நான் மெட்ராஸுக்கு எம்.எஸ்சி. போன அன்று அவன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் ஊர் போய்ச் சேரும்வரை தணியவில்லை.

இப்போது நான் மெட்ராஸிலேயே, கே.கே. நகரில். பேரன் கேட்டால் செல்போனே விடை சொல்லிவிடுகிறது, சண்டை போட ஆள் வேண்டாம். காதர் மட்டும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் செய்து அதையே கேட்பான். நானும் கத்துவேன்.

போன வாரம், "சரி மாப்ள, நீ சொன்னதுதான் சரி" என்றான்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "உடம்புக்கு என்னடா?"

"ஒண்ணுமில்ல..." என்றான். "ஆனாலும் ஒவ்வொண்ணும் ஒண்ணுக்குக் கீழதானே இருந்துச்சு?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம்தான் மூச்சு வந்தது.