மாப்பிள்ளை விட்ட ஈரம்

அந்த வாட்டர் சர்வீஸ் கடையில் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி அவருடைய மனைவிக்கு அண்ணன். முதலாளி கூப்பிடுவதைக் கேட்டு, வண்டி துடைத்துப் பாலிஷ் போடும் நெட்டையும், எதிரே டயர் விற்கிறவரும், வண்டியைக் கழுவ விட வருகிறவர்களும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கே மாப்பிள்ளை. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. நாள் முழுக்க முட்டி போட்டு அடுத்தவர் காலழுக்கை உறிஞ்சுவதுதான் வேலை.

காருக்குள் விரித்திருக்கும் கார்பெட்டைக் கழுவும் மெஷின் அவர் பொறுப்பு. ஒரு குழாய் சோப்பு கலந்த சுடுதண்ணீரைப் பீய்ச்சும். இன்னொன்று அழுக்கோடு சேர்த்து அதைத் திரும்ப உறிஞ்சும். பீய்ச்சுவதை எவனும் செய்துவிடுவான். விஷயமே உறிஞ்சுவதில்தான். தண்ணீர் விசையைத் தொடாமல், உறிஞ்சும் குழாயின் கண்ணாடி மூக்கில் ஒரு சொட்டுகூட ஓடாமல் போகும்வரை வெறுமனே இழுக்க வேண்டும். இல்லையென்றால் அடியிலிருக்கும் பஞ்சில் ஈரம் தங்கி, இரண்டொரு நாளில் வண்டி ஈரச் சாக்கு மாதிரி நாறும். மாப்பிள்ளை கை வைத்த வண்டி நாறியதே இல்லை.

அவருக்கு வண்டி ஓட்டத்தான் ஆசை. தினமும் காருக்குள் ஏறுகிறார், இறங்குகிறார், ஒன்றாவது நகர்ந்தபாடில்லை. வண்டி கழுவ வந்த பர்னிச்சர் கடைக்காரர் ஒருநாள், வெளியூர்களுக்குச் சாமான் கொண்டுபோகும் வேனுக்கு டிரைவராக வருகிறீர்களா என்று கேட்டார். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மனைவியிடம் சொன்னார்.

"போங்க, நானா வேண்டாங்கறேன்?" என்றாள் அவள். "ஆனா அண்ணன் வாயால போன்னு சொல்லணும். நாமளா விட்டுட்டுப் போனா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அண்ணன் முன்னாடி நிக்கிறது? கடை மாடியிலதானே குடியிருக்கோம்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் எரிச்சல். சண்டை பிடிக்கக்கூட ஒரு ஆள் கிடைக்காத சிறை அது.

அண்ணன் வாயால் போ என்று வர வேண்டும், அவ்வளவுதானே? பல் டாக்டரம்மாவின் கார் வந்தது. மாப்பிள்ளை தாராளமாகத் தண்ணீரைப் பீய்ச்சினார், பேருக்கு ஒரு இழுப்பு இழுத்தார், ஜன்னல்களை ஏற்றிவிட்டு, வண்டியை நெட்டையிடம் ஒப்படைத்தார். கை அதுபாட்டுக்கு மறுபடி மெஷினிடம் போனது. அதைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து இறங்கினார். "கோட்டெல்லாம் நாத்தம்! பல்லைக் காட்ட வந்தவங்க என் வாயைச் சந்தேகமா பாக்குறாங்க!"

முதலாளி கதவைத் திறந்து கார்பெட்டை அமுக்கினார். தண்ணீர் கசிந்தது. "யாரு பண்ண வேலை இது?"

"நான்தான் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. மனசுக்குள் பர்னிச்சர் வேன் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

முதலாளி அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "உங்க கை இப்படி விடுமா மாப்பிள்ளை? கடைசியா பக்கெட்டோட உள்ள பூந்து துடைச்சது யாரு? நெட்டை. தண்ணியக் கொட்டிட்டுக் கமுக்கமா இருந்திருக்கான். நீங்க பாவம் பாத்துப் பழியத் தலையில போட்டுக்கிறீங்க."

"இல்ல மச்சான், சத்தியமா நான்தான்!"

"பாத்தீங்களா டாக்டரம்மா, எங்க மாப்பிள்ளை மனசை?"

எவ்வளவுக்கு அடித்துச் சொன்னாரோ, அவ்வளவுக்கு நல்லவராகிக்கொண்டே போனார். வேண்டுமென்றே செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மாடி ஜன்னலில் மனைவி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி நெட்டையிடம் சொன்னார்.

மாப்பிள்ளை வாசலுக்கு ஓடி நெட்டையைப் பிடித்தார். "தப்பு என்னுதுடா. நிஜமாத்தான் சொல்றேன்."

"விடுங்க மாப்பிள்ளை," என்றான் நெட்டை, கண் கலங்க. "எனக்காக இவ்ளோ பேசினீங்களே, அது போதும்."

மாப்பிள்ளைக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. "பர்னிச்சர் கடையில வேன் ஓட்ட ஆள் கேக்குறாங்க. உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே. நான் அனுப்பினேன்னு சொல்லு, போ," என்றார். இருந்த ஒரே வழியையும் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாயிற்று.

திரும்பி வந்தபோது முதலாளி அவர் தோளில் கை போட்டார். "இனிமே பாலிஷும் நீங்களே பாத்துக்குங்க மாப்பிள்ளை. வெளியாளை நம்ப முடியல. நம்மாளு நம்மாளுதான்."

டாக்டரம்மாவின் கார் காத்திருந்தது. மாப்பிள்ளை உள்ளே ஏறி, முட்டி போட்டு, மெஷினை ஓடவிட்டார். தண்ணீர் விசையைத் தொடவேயில்லை. கண்ணாடி மூக்கில் சொட்டு ஓடுவது நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தார். அந்த மெஷின் சத்தத்தில் உள்ளே ஒரு ஆள் அழுதால் வெளியே கேட்காது.