கண்ணாடி அடைத்த மண்டபம்

கண்டிக்கு மேலே மலைச்சரிவில், இறைநேசர் ஒருவர் அடங்கிய இடத்தில் இருக்கிறது எங்கள் ஸியாரம். வருடாந்தக் கந்தூரி விழாவுக்குத் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வரும். என் கணவர் அதன் நிர்வாகக் குழுத் தலைவர். மேல்மாடியில் பெண்களுக்கான மண்டபத்தில் முன்பு இரண்டு பக்கமும் மர யன்னல்கள் இருந்தன. பள்ளத்தாக்குக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஏசி வாங்கித் தந்ததும், குழு யன்னல்களைக் கழற்றிவிட்டுத் திறக்கவே முடியாத கண்ணாடிகளைப் பதித்தது.

"கரண்ட் போனா என்ன செய்ற?" என்று கேட்டேன்.

"ஜெனரேட்டர் ஈக்குதானே," என்றார் கணவர். பேச்சு அத்துடன் முடிந்தது.

டீசலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற வருடத்திலும் கந்தூரி நடந்தது. பெண்கள் பக்கம் என் பொறுப்பு. மவ்லூது ஓதும்போதே மழை பிடித்ததால் முற்றத்தில் நின்றவர்களும் மேலே ஏறிவந்தார்கள். சற்று நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமிவிட்டு நின்றுபோனது. கணவர் டீசல் தேடிப் பிலிமத்தலாவைக்குப் போயிருந்தார்.

கண்ணாடிகளில் ஆவி படிந்தது. எனக்கே மூச்சு முட்டியது. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து நேர்ச்சைக்கு வந்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, புள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குதுங்க!"

குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. அதைக் கண்டவர்கள் பதறி எழுந்து படிக்கட்டை நோக்கி நெருக்கினார்கள். இருப்பது ஒரே ஒடுக்கமான படிக்கட்டு. கீழேயிருந்தும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரோ விழுந்து அலறினார்கள்.

"இருங்கோ! யாரும் படிக்குப் போகாதீங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முன்னால் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

ஓர் இரும்புக் கதிரையைத் தூக்கினேன். கணவரின் தங்கை, அண்ணனுக்குப் பயந்து குறுக்கே வந்தாள். "மதினி, வேணாம். நானா ஏசுவாங்க."

"ஏசட்டும். பின்னுக்குக் கீழ ஆரும் ஈக்கிறாங்களா பாருங்க!"

கண்ணாடியைத் துடைத்து எட்டிப் பார்த்தவள், இல்லையென்று தலையசைத்தாள். முதல் அடியில் கதிரைதான் துள்ளியது. இரண்டாவது அடியில் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. பிறகு அவளும் கூடச் சேர, அது நொறுங்கியது. எதிர்ப்பக்கத்திலும் கீழே ஆளில்லையென்று பார்த்து ஒன்றை உடைத்த பிறகுதான் காற்று குறுக்கே ஓடியது, மழைச் சாரலோடு. முகத்தில் ஈரம் பட்டதும் குழந்தை சிணுங்கியது. பிறகு வீரிட்டு அழுதது. அந்தத் தாயும் அழுதாள். படிக்கட்டில் நெருக்கம் தளர்ந்தது. விழுந்த பெண்ணுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.

கணவர் டீசல் கேனோடு வந்து உடைந்த கண்ணாடிகளைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே?"

"நீங்க இங்க ஈக்கல்லயே."

என் உள்ளங்கையில் இரத்தம் கசிவதை அப்போதுதான் அவர் கவனித்தார். சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துக் கட்டிவிட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார். ஏசியைக் கழற்றி, யன்னல்களைத் திரும்ப வைக்கச் சொன்னேன். ஏசியைக் கழற்ற அவர்கள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் திறந்து மூடும் யன்னல்கள் வந்தன, பின்பக்கம் இன்னொரு படிக்கட்டும் வந்தது. இப்போது அனேக நாட்களில் ஏசியை யாரும் போடுவதில்லை. ஏசி தந்தவர் மட்டும் இன்னும் என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.