சோயாச் சக்கைக் களி

நீலாவதிக்கு எட்டு கிலோ எடை குறைந்தாக வேண்டும். குறைந்தால்தான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஜவ்வாது மலையில் சாமை அறுத்து, புளி உலுக்கி, ஆறு பேருக்குப் பொங்கிப் போடுகிறவள் அவள். ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே இப்போது உயிர் போய் வருகிறது.

அதற்கு நர்ஸ் சரிதா சொன்ன வழியைக் கேட்டு அவளுக்குத் தலை சுற்றியது. சோயாப்பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைச் சாப்பிட வேண்டுமாம்! கண்ணமங்கலத்துச் சோயாப்பால் பட்டறையிலிருந்து அதைத்தான் நீலாவதி மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி வந்து, காயவைத்து மாட்டுக்கு வைக்கிறாள்.

"இன்னாம்மா சொல்றீங்க? அதத் தின்னுதான் எங்க மாடு கொழுகொழுன்னு நிக்குது. நான் மட்டும் எளச்சிடுவனா?"

"மாட்டு வயித்துல அந்த நாரு நல்லா செரிச்சிடும். நமக்கு அவ்ளோவா செரிக்காதுங்க. வயிறு ரொம்பினாப்ல இருக்கும், சக்கரையும் சட்டுனு ஏறாது. ஆனா சக்கை போட்ட அளவுக்குக் களில மாவக் கொறைக்கணும்."

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் பெரிய சட்டியில் எல்லோருக்குமாகக் கேழ்வரகுக் களி கிண்டினாள். ஆறு பேர் பசிக்கு மாவைக் குறைக்க மனசு வரவில்லை. சக்கையை மட்டும் மேற்கொண்டு போட்டாள்.

புருஷன் தீர்த்தகிரி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். "மாட்டுத் தீனிய எனக்குப் போடறியா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடி?"

மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சோறு வடித்துப் போட்டாள். சட்டி நிறையக் களி கிடந்தது. மனுஷருக்குக் கிண்டிய களியைக் கொட்டினாலோ மாட்டுக்கு வைத்தாலோ அடுத்த வெள்ளாமை பொய்க்கும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. வேறு வழி? ராத்திரி தின்றாள், மிச்சத்தை விடிந்ததும் கரைத்துக் குடித்தாள். நாளைக்காவது நாலு வாய் தின்னமாட்டார்களா என்று தினமும் கிண்டினாள், தினமும் அவளே தின்றாள்.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் ஒன்றரை கிலோ கூடியிருந்தது. இறங்கி மறுபடி ஏறினாள். அதே கணக்கு. பாவி மனுஷிக்கு அழுகை முட்டியது.

"நீங்க சொன்னதத்தானே தின்னேன்? அப்புறம் எப்பிடிம்மா?"

எப்படிச் சாப்பிட்டாள் என்று சரிதா ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வூட்டுல எல்லாருக்கும் எப்பவும்போல செய்ங்க. ஒங்களுக்குன்னு தனியா, ஒரே ஒரு உருண்டை கிண்டிக்கங்க."

வீட்டுக்கு வந்து சின்னச் சட்டியைத் தேடி எடுத்து அடுப்பில் வைத்தாள். சொம்பைச் சாய்க்கப் போன கை அப்படியே நின்றது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தனக்கென்று அவள் உலை வைத்ததே இல்லை.

"இன்னாடி, அடுப்பாண்ட மலைச்சிப் போய் நிக்கற?" என்றான் தீர்த்தகிரி.

"ஒரு ஆளுக்கு எவ்ளோ தண்ணி வெக்கணும்னு தெரிலயே" என்றாள்.