இழைப்புளிக்குப் போன புளி

நம் வகுப்புப் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், காணாமற்போன எங்கள் அப்பாவின், மரம் இழைக்கும் இரும்பு இழைப்புளியை இன்று தனியொருவனாக மீட்டுவிட்டேன். மாலை மரியாதைகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதை எடுத்தது ஆத்தாவின் தம்பியான மாமாதான் என்று அப்பா ஆறு மாதமாக அவரோடு பேசுவதில்லை. யுத்த காலத்தில் புதிது வாங்கவும் வழியில்லை.

புதுக்கோட்டையில் பழைய இரும்புக் கடை. மலை போல் துருக் குவியல். ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன். கண் என்றால் இதுவல்லவா கண்! கடைக்காரருக்குக் குவியலைப் பிரித்து அடுக்கிக் கொடுத்து, கூலியாக அதை வாங்கி வந்தேன்.

புளிக் கரைசலில் ஊறவைத்து, செங்கல் தூளால் தேய்த்து, அலகைக் கல்லில் தீட்டினேன். பலகையில் ஓட்டினால் நம் கணக்கு வாத்தியார் மீசை போலச் சுருள் சுருளாக வந்தது.

அடுப்படியிலிருந்து ஆத்தா கத்தினாள். "கொழம்புக்கு வச்ச புளி எங்கடா?"

"இழைப்புளிக்குள்ள போயிருச்சு ஆத்தா!"

அப்பா அதைப் புரட்டி, தான் போட்ட வெட்டுக்குறியைக் கண்டார். யாரோ ஒரு பொடியன் பழைய இரும்புக் கடையில் போட்டதாம் என்றேன். நேரே எதிர்வீட்டு மாமாவிடம் போனார்.

"மச்சான், ஒங்களத் தப்பா நெனச்சுப்புட்டேன். சாப்புட வாங்க."

"வாரேன் மச்சான். கொழம்பு உண்டுல்ல?"

"மோருதான் தம்பி," என்றாள் ஆத்தா.

மூவரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

என் கண்ணுக்கு ஒரு திறமையும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் அதே கடைக்காரரிடம் அந்த இழைப்புளியைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியவனே நான்தான்.

அதில் பங்கு தின்றவர்கள் தயவுசெய்து கை தூக்குங்கள். அப்பாவிடம் சொல்லப் போகையில் துணைக்கு ஆள் வேண்டும்.